நாற்பத்திரண்டில் ஒரு நேர்கோடு

உங்கள் அறையில் ஈரம் அதிகம், ஐயா. குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், தொழில் புத்தி. மேசை மேல் இருக்கும் கோப்புகளின் ஓரம் சுருண்டிருக்கிறது, அலமாரிக் கதவு உப்பிப்போய் மூட மறுக்கிறது, அதை வைத்துச் சொல்கிறேன். ஈரப்பதம் அறுபதுக்குக் குறையாது. மனிதர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, காகிதமும் ஒருவாறு தாங்கிக்கொள்ளும். தாங்காத சில பொருள்களோடுதான் நான் இருபத்திரண்டு வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, தெரியும். அருங்காட்சியகத்தில் ஏழு பழைய கண்ணாடிப் பாத்திரங்கள் கெட்டுப்போனதைப் பற்றி நீங்கள் விசாரித்து எழுதிய வரைவு அறிக்கையை எனக்கு அனுப்பி, தொழில்முறைச் சொற்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். இரண்டு முறை படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஒரு திருத்தம் இருக்கிறது. அதைத் தொலைபேசியில் சொன்னால் சரிப்படாது என்று நேரில் வந்தேன். கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் அதற்கு வர வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உதவியாளர் எழுதிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கண்ணாடிக்கு நோய் வரும் என்றால் முதலில் எல்லோரும் சிரிப்பார்கள். மணல், சாம்பல் உப்பு, சுண்ணாம்பு மூன்றும் உலையில் சேர்ந்ததுதான் கண்ணாடி. முந்நூறு வருடத்துக்கு முன் சில உலைக்காரர்கள், கண்ணாடி இன்னும் தெளிவாக வரட்டும் என்று உப்பைச் சுத்தம் செய்யப்போய், அதோடு சுண்ணாம்பையும் நீக்கிக் கோட்டைவிட்டார்கள். தெளிவாகத்தான் வந்தது. ஆனால் அந்தப் பாத்திரங்களின் உடம்பில் உப்பு நிலைத்து நிற்பதில்லை. காற்றில் ஈரம் ஏறினால் உப்பு மேலே கசிந்து வரும். முதலில் ஒரு மங்கல், பிறகு துளித்துளியாக ஈரம், தொட்டால் சோப்பு பட்ட மாதிரி வழுக்கும். கண்ணாடி அழுகிறது என்போம். அழுதால் பரவாயில்லை. காய்ச்சி வடித்த நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் போய்விடும், பல மாதம் ஒன்றும் தெரியாது. அழுத கண்ணாடி சட்டென்று உலர்ந்தால்தான் ஆபத்து. மேல்தோல் சுருங்கி மயிரிழை மயிரிழையாக விரிசல் ஓடிவிடும். அதை யாராலும் சரிசெய்ய முடியாது. அதனால் ஈரப்பதம் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது, நாற்பத்திரண்டில் நிற்க வேண்டும்.

எங்களிடம் அப்படிப்பட்டவை முப்பத்தொன்று. அவற்றுக்குத் தனி அறை, ஒவ்வொன்றுக்கும் தனிக் கண்ணாடிப் பெட்டி. அந்த அறைக்கு நாங்கள் வைத்த பெயர் வார்டு. வார்டு இருந்தால் டாக்டர் வேண்டுமே. வாசல் காவலாளி என்னை அப்படித்தான் கூப்பிட ஆரம்பித்தார். பிறகு காப்பாட்சியர் அம்மா முதல் கூட்டிப் பெருக்குபவர் வரை எல்லோருக்கும் நான் டாக்டர். பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே நல்ல பட்டப்பெயர் அது.

என் தங்கை கணவரை மாப்பிள்ளை என்றே சொல்லிக்கொண்டு போகிறேன், எனக்கு அப்படித்தான் வாய் பழகியிருக்கிறது. அவர் எங்கள் அருங்காட்சியகத்துக்கு வந்ததே என்னால்தான். வேறு ஊரில் இதே வேலையில் இருந்தவர், என்னைவிட நான்கு வயது இளையவர், ஒரு பயிற்சி வகுப்பில் பழக்கமானார். தங்கைக்கு வரன் தேடிக்கொண்டிருந்த நேரம். அப்பா போனபோது அவளுக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து சைக்கிள் பஞ்சரானாலும் தேர்வில் முதலாவதாக வந்தாலும் என்னிடம்தான் முதலில் ஓடிவருவாள். அவளைக் கண்ணுக்கு எட்டிய தூரத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளைக்கு இங்கேயே வேலைக்குச் சொல்லி, கல்யாணத்தையும் முடித்து, என் வீட்டுக்கு நான்காவது வீட்டில் குடிவைத்தேன். நல்ல மனிதர். அதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

எப்போதும் ஏதாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே இருப்பார். குடையை மறந்துவிட்டுப் போவார். பக்கத்தில் இருப்பவர் சாப்பாட்டுப் பெட்டியில் கேட்காமலே கை வைப்பார், அதற்காக யாரும் கோபித்துக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. காலையில் பத்து மணிக்கு முன்னால் அவரை அலுவலகத்தில் பார்த்தவர் கிடையாது. சிகிச்சை என் பொறுப்பு, கருவிகள் அவர் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். கருவி என்றால் லாகர். தீப்பெட்டி அளவில் இருக்கும், ஒவ்வொரு பெட்டிக்கும் அடியில் உள்ள இழுப்பறையில் உட்கார்ந்து, கால் மணிக்கு ஒரு தடவை ஈரப்பதத்தைக் குறித்துக்கொள்ளும். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை அவர் எல்லா லாகரையும் எடுத்துக் கணினியில் ஏற்றிக் கோடு போட்டுப் பார்ப்பார். இழுப்பறைச் சாவி மூன்று பேரிடம் இருந்தது. காப்பாட்சியர் அம்மா, அவர், நான்.

எங்கள் அருங்காட்சியகத்தில் ஒரு வழக்கம் உண்டு, நீங்கள் அறிக்கையில் இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள். வருடத்துக்கு ஒரு வாரம் வார்டில் பரிசோதனை. இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்துக் கற்றுக்கொள்ளக் கூடாது என்பதற்காக, காலையில் நான் மட்டும் போவேன், மதியம் இரண்டு மணிக்கு அவர் மட்டும் போவார். பூஜ்யம் என்றால் நலம், ஒன்று என்றால் மங்கல், இரண்டு என்றால் விரிசல், அப்படி நான்கு வரை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் அட்டை எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை எல்லோரையும் கூட்டிவைத்து காப்பாட்சியர் அம்மா பிரிப்பார். இரண்டு அட்டையும் ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகாவிட்டால் மூன்று மாதம் கழித்து எல்லோரும் சேர்ந்து பார்ப்போம், யார் கண் சரி என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.

மாப்பிள்ளை வருவதற்கு முன் இரண்டாவது ஆளாக வந்தவர்கள் எல்லோரும் என் அட்டையோடு ஒத்துப்போனார்கள். அவர் வந்த முதல் வருடம், நீலக் குடுவைக்கு என் அட்டையில் பூஜ்யம், அவர் அட்டையில் ஒன்று. நான் சிரித்தேன். மூன்று மாதம் கழித்து, சன்னலோரம் நின்று பார்த்தாலே தெரிகிற மாதிரி குடுவை மங்கியிருந்தது. இரண்டாம் வருடம் ஒரு வாசனைச் சீசா. மூன்றாம் வருடம் ஒன்றல்ல, இரண்டு. நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் தெரியாதது அவருக்குத் தெரிந்தது.

எப்படிப் பார்க்கிறார் என்று ஒரு நாள் கேட்டேன். ஒளிக்கவில்லை, செய்தே காட்டினார். மேசையில் கன்னத்தைச் சாய்த்துப் படுத்துக்கொண்டார், டார்ச்சைக் கண்ணாடியின் விளிம்புக்குப் பின்னால் தாழ்த்திப் பிடித்தார், இடது கண்ணை இறுக்கி மூடி வலது கண்ணால் பார்த்தார். “மச்சான், இது அழ ஆரம்பிச்சிருச்சு. யாரு திட்டினது இதை?” என்றார். நானும் கன்னத்தைச் சாய்த்துப் பார்த்தேன். எனக்கு மேசைத் தூசிதான் தெரிந்தது.

அந்த வருடம் காவலாளி எங்கள் இருவரையும் பெரிய டாக்டர், சின்ன டாக்டர் என்று பிரித்தார். சில மாதத்தில் சின்ன என்பது உதிர்ந்துவிட்டது. ஒரு காலை நானும் மாப்பிள்ளையும் சேர்ந்து உள்ளே நுழைகிறோம். “வணக்கம் டாக்டர், வணக்கம் சார்” என்றார். நான்தான் சார். அவர் மனதில் எந்தக் கள்ளமும் இல்லை, வாயில் வந்ததைச் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது. இதைச் சொல்ல வெட்கமில்லை, எவருக்கும் எரிந்திருக்கும். ஆனால் வயிற்றெரிச்சலால் காரியம் செய்கிற ஆள் நான் இல்லை. இதை உதவியாளர் தயவுசெய்து எழுதிக்கொள்ளட்டும்.

வீட்டிலும் அப்படித்தான். தங்கை எங்கள் இருவருக்கும் மதியச் சாப்பாடு கட்டிக் கொடுப்பாள். ஒரே சமையல், ஒரே அளவு, ஒரே மாதிரிப் பெட்டி. அவர் பெட்டியில் மட்டும் கரண்டியைக் காகிதத்தில் சுற்றி வைத்திருப்பாள். என்னுடையதில் கரண்டி சும்மா கிடக்கும். நான் இரண்டையும் திறந்து பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தேன், தினமும் பார்த்தேன். முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் அண்ணா சொன்னார் என்பவள், இப்போது அவர் சொன்னார் என்பாள். அண்ணா என்று ஆரம்பித்துவிட்டு அவர் என்று திருத்திக்கொள்வதையும் ஒரு முறை கேட்டேன்.

நான்காம் வருடப் பரிசோதனையில், தண்டு முறுக்கிய ஒரு மதுக்கோப்பையில் நான் மங்கலைப் பார்த்தேன். நானே பார்த்தேன், யாரும் சொல்லாமல். அட்டையில் ஒன்று என்று கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன். உறையை ஒட்டிவிட்டு எழுந்தபோதுதான், இரண்டு மணிக்கு அவர் வந்து கன்னத்தைச் சாய்த்தால் அவருக்கும் இது தெரியும் என்பது உறைத்தது. அட்டைகள் ஒத்துப்போகும். டாக்டர் சொன்னது சரி என்பார்கள், அந்த டாக்டர் நானாக இருக்க மாட்டேன். எனக்கு ஒரே ஒரு வருடம் வேண்டியிருந்தது, ஐயா. சாப்பாட்டு நேரத்தில் வார்டில் யாரும் இருப்பதில்லை. பஞ்சை நனைத்துக் கோப்பையைத் துடைத்து, உலரவைத்து, பெட்டியைப் பூட்டினேன். துடைப்பது என்பது சிகிச்சை. எந்த நிபுணரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், நோயுற்ற கண்ணாடிக்கு முதலில் செய்ய வேண்டியதே அதுதான்.

வெள்ளிக்கிழமை என் அட்டையில் ஒன்று, அவர் அட்டையில் பூஜ்யம். மாப்பிள்ளை அட்டையை வாங்கி, தன் கையெழுத்துதானா என்று பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, மச்சான் பழி வாங்கிவிட்டார் என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்று மாலை என் வீட்டுக்கு வந்து, எப்படிக் கண்டுபிடித்தேன் என்று உண்மையான ஆர்வத்தோடு கேட்டார். அனுபவம் என்றேன்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். மூன்று மாதத்தில் அந்த மங்கல் திரும்பி வந்தாக வேண்டும். ஒரு மாதம் ஆகியும் வரவில்லை. பெட்டி நன்றாகப் பராமரிக்கப்பட்டிருந்தது, பராமரித்தவனே நான்தான். மங்கல் வராவிட்டால், நான் இல்லாததைச் சொன்னேன் என்று ஆகிவிடும். நான் சொன்னது உண்மை. உண்மைக்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்வதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இழுப்பறையில் சிலிக்கா ஜெல் வைத்திருப்போம், புதுச் செருப்புப் பெட்டியில் சின்னப் பொட்டலமாக வருமே, அதேதான். அது ஈரத்தை இழுக்கவும் செய்யும், விடவும் செய்யும், எப்படிப் பதப்படுத்தி வைக்கிறோமோ அப்படி. நனைத்த ஜெல்லை வைத்தேன். லாகர் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அதை மட்டும் காற்றுப் புகாத ஒரு சின்ன டப்பாவுக்குள், நாற்பத்திரண்டுக்குப் பதப்படுத்திய ஜெல்லோடு போட்டு மூடினேன். வெளியே கண்ணாடிக்கு எழுபது. உள்ளே லாகருக்கு நாற்பத்திரண்டு. முதல் செவ்வாய்க்கிழமைகளில் மாப்பிள்ளை பத்து மணிக்கு வந்து எடுப்பதற்குள், ஒன்பதேகாலுக்கு டப்பாவைத் திறந்து லாகரை வெளியே வைத்து, ஜெல்லையும் மாற்றிவிடுவேன். குறித்த வெள்ளிக்கிழமை கோப்பை எல்லோர் முன்னாலும் அழுதது.

அத்தோடு விட்டிருக்கலாம். விட நினைத்தேன் என்பதும் உண்மை. ஆனால் ஒரு முறை ஜெயித்தவனை அதிர்ஷ்டக்காரன் என்றுதானே சொல்வார்கள். ஐந்தாம் வருடம் இரண்டு பாத்திரங்களுக்கு ஒன்று என்று எழுதினேன். ஒன்றில் லேசாக ஏதோ இருந்தது, துடைத்தேன். மற்றொன்றில் ஒன்றுமே இல்லை. இல்லாததை எழுதிவிட்டுப் பிறகு வரவழைத்தேன். மாப்பிள்ளை இரண்டுக்கும் பூஜ்யம் போட்டிருந்தார், சரியாகத்தான் போட்டிருந்தார். சேர்ந்து பார்த்த அன்று, மங்கல் வரும் போகும் மச்சான், நான் பார்த்த அன்று நிஜமாகவே இல்லாமல் இருந்திருக்கலாம் என்று லேசாகச் சொன்னார். நியாயமான பேச்சு. வந்தால் போகாத ஒன்று வேண்டும் என்று எனக்கு அப்போது புரிந்தது.

விரிசலை வரவழைப்பது எளிதல்ல. இதை உங்கள் அறிக்கை சரியாகப் பிடித்திருக்கிறது. ஈரத்தை வேகமாக ஏற்றினால் துளி துளியாக வழிந்து யார் கண்ணிலும் பட்டுவிடும். வாரத்துக்கு இரண்டு, மூன்று புள்ளியாகப் பதினோரு வாரம் ஏற்ற வேண்டும், வழியும் அளவுக்கு வராமல் தோல் மட்டும் ஊறும் இடத்தில் நிறுத்த வேண்டும். பிறகு அடுப்பில் நன்றாக வறட்டிய ஜெல்லை வைத்து நான்கே நாளில் இறக்க வேண்டும். மூன்று நாள் என்றால் சில்லு தெறிக்கும், ஐந்து நாள் என்றால் விரிசல் விழாமலே போகலாம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் கணக்கு வேறு. நான் எந்தப் புத்தகத்தையும் பார்க்கவில்லை, இதற்குப் புத்தகம் கிடையாது. முதல் விரிசல் விழுந்த காலை டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தேன். வெள்ளிக் கம்பிகள் மாதிரி, விளிம்பிலிருந்து அடி வரைக்கும், எவ்வளவு ஒழுங்காக இறங்கியிருந்தது தெரியுமா. அப்படி ஆறு செய்தேன், முன்பு அழவைத்த மூன்றும் அதில் அடக்கம். ஆறுக்கும் என் அட்டையில் முன்கூட்டியே ஒன்று இருந்தது. ஆறுக்கும் அவர் அட்டையில் பூஜ்யம்.

மாப்பிள்ளை முணுமுணுத்துப் பாடுவதை நிறுத்திவிட்டார். வார்டில் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டவர் மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். அவர் இரவில் எழுந்து வீட்டுத் தம்ளர்களை எல்லாம் விளக்குக்கு முன்னால் தூக்கிப் பார்க்கிறார் என்றாள். கண் மருத்துவரிடம் போனார்களாம். வலது கண்ணில் புரை இப்போதுதான் தொட்டிருக்கிறது, பார்வைக்கு ஒன்றும் குறையில்லை, நான்கைந்து வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் திருப்பி அனுப்பிவிட்டார். ஆனால் இவர் உடனே அறுவை சிகிச்சை வேண்டும் என்று நிற்கிறார், உங்கள் பேச்சைத்தான் கேட்பார், நீங்கள் சொல்லுங்கள் என்றாள்.

அவரிடம் பேசினேன். அவர்கள் வீட்டுச் சின்ன அறைதான், அவர்கள் மகள் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தது. “டாக்டர் வேண்டாம்னு சொல்றாரு. ஆனா அந்த டாக்டருக்கு நம்ம வேலை தெரியாதுல்ல மச்சான். நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டார். வலது கண்ணில் எந்தக் குறையும் இல்லை என்று அந்த ஊரில் நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் நான். “நம்ம தொழில்ல சந்தேகத்தை வச்சுக்கிட்டு உக்காரக் கூடாது மாப்பிள்ளை. செஞ்சிருங்க” என்றேன்.

அறுவை சிகிச்சை நன்றாகத்தான் நடந்தது. மூன்றாம் நாள் கிருமி தொற்றியது. அதில் என் பங்கு ஒன்றும் இல்லை, மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளலாம். தங்கை பயந்ததால் மருந்துச் சொட்டு விட்டதெல்லாம் நான்தான். நான் சுத்தமான ஆள், ஒவ்வொரு முறையும் முழங்கை வரை கழுவிக்கொண்டுதான் தொட்டேன், ஒரு சொட்டுகூட இமைக்கு வெளியே விழுந்ததில்லை. வலது கண் போய்விட்டது. அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய்ப் படுக்கவைத்தபோது, நீங்கள் இல்லாவிட்டால் என்ன ஆகியிருப்பேன் மச்சான் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது. கல் நெஞ்சுக்காரன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

அதன்பின் அவர் பரிசோதனைக்கு வருவதில்லை, லாகர்களை மட்டும் பார்த்துக்கொண்டார். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்தேன். ஒரு காலை வாசலில் காவலாளி என்னை நிறுத்தி, “சார், நம்ம டாக்டருக்குக் கண்ணு எப்படி இருக்கு?” என்று விசாரித்தார். ஒற்றைக் கண்ணோடும் அவர்தான் டாக்டர். நான் சார்.

மூடி போட்ட கோப்பை உங்களுக்குத் தெரியும், நுழைவுச் சீட்டில் படமாக இருப்பது. முப்பத்தொன்றில் அதுதான் அழகு, முப்பத்தொன்றில் அது ஒன்றுதான் இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அழாதது. மாப்பிள்ளை முதல் வருடமே அதைப் பார்த்துவிட்டு, இது இன்னும் நூறு வருடம் தாங்கும் என்று சொல்லியிருந்தார். காப்பாட்சியர் அம்மா விருந்தினர்களைக் கூட்டிவரும்போதெல்லாம், எங்கள் டாக்டர் ஒருவர் சொல்லியிருக்கிறார், நூறு வருடம் தாங்கும் என்பார். கண் போன பிறகும் சொன்னார். நான் பக்கத்திலேயே நிற்பேன். அந்தக் கோப்பையை எனக்கு இருபத்திரண்டு வருடமாகத் தெரியும், ஐயா. தூசி தட்டியதுகூட வேறு யாரும் இல்லை. பதினான்கு வாரம் எடுத்துக்கொண்டேன், உறுதியான உடம்பு. ஒரு புதன்கிழமை, யாரும் தொடாமலே, பெட்டிக்குள் மூன்று துண்டாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தது.

பிறகு நீங்கள் வந்தீர்கள், வெளியிலிருந்து ஒரு நிபுணரை அழைத்தீர்கள். அவர் முப்பத்தொரு லாகரின் கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அறைக் கதவைத் திறந்தால், கூட்டம் வந்தால், மழை பெய்தால் கோடு கொஞ்சம் நெளியும். இருபத்துநான்கு பெட்டிகளில் நெளிந்திருந்தது. ஏழு பெட்டிகளில், கண்ணாடி கெட்ட மாதங்களில் மட்டும், ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி நாற்பத்திரண்டில் நேர்கோடு. அதிகப்படியாகச் சரியாக இருந்ததுதான் நான் செய்த ஒரே பிழை. எங்கள் தொழிலில் இருப்பவன் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது, நேர்கோட்டைப் பார்த்தால் எங்களுக்கு மனம் குளிர்ந்துவிடும். லாகர் அவர் பொறுப்பு. சாவி அவரிடம் இருந்தது. கெட்ட பாத்திரங்களுக்கெல்லாம் பூஜ்யம் போட்டு மறைத்தவரும் அவர். மூன்றையும் கூட்டிப் பார்த்து நீங்கள் அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தீர்கள். போலீஸுக்குப் போகும் என்றும் பேச்சு வந்தது.

அன்றைக்கு மாலை அவர் வீட்டுக்குப் போனேன். சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மகள் செய்தித்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தது. அவளை நிறுத்தச் சொல்லிவிட்டு, “நானே ஏதாவது பண்ணியிருப்பேனோ மச்சான்? தெரியாம? கண்ணு தெரியாத மாதிரி, புத்தியும் தெரியாமப் போயிருக்குமோ?” என்று கேட்டார். மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள், நடப்பது நடக்கட்டும் என்றேன்.

தங்கை என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டாள். “அண்ணா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்புவாங்க. எனக்கு வேற யாரு இருக்கா?” என்றாள். கல்யாணமாகி இந்த ஏழு வருடத்தில் அவள் தனக்காக என்னிடம் எதையும் கேட்டதில்லை. பார்க்கிறேன் என்றேன். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். ஐந்து வாரம் தினமும் காலையில் என் வீட்டுக்கு வந்து, மேலிடத்தில் பேசினீர்களா அண்ணா என்று கேட்டுவிட்டு, எனக்குச் சாப்பாடு கட்டி வைத்துவிட்டுப் போனாள். இரண்டாம் வாரத்திலிருந்து கரண்டியைக் காகிதத்தில் சுற்றி வைத்தாள். அந்த ஐந்து வாரமும் நான் எங்கும் போய் எதுவும் பேசவில்லை. அவசரம் இருப்பதாகத் தெரியவில்லை.

இப்போது நான் வந்திருப்பது தங்கைக்காகத்தான். ஒரு குற்றமும் செய்யாத மனிதர் மேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை என்றும் எழுதிக்கொள்ளலாம். நான் சொல்வதற்கு ஆதாரம் உங்கள் கையிலேயே இருக்கிறது. அந்த ஏழு கோடுகளிலும் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை ஒரு சின்னத் துள்ளல் இருக்கும், லாகரை டப்பாவிலிருந்து வெளியே எடுத்த நேரம். மாப்பிள்ளை லாகரைக் கழற்றிய நேரம் என்று உங்கள் நிபுணர் எழுதியிருக்கிறார். மணியைப் பாருங்கள். ஒன்பதேகால். வருகைப் பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள், அவர் ஒரு செவ்வாயாவது பத்துக்கு முன் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்று. டப்பா என் மேசையின் கீழ் இழுப்பறையில் இருக்கிறது, சாவி இதோ.

இனித் திருத்தத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை உங்கள் வரைவு வந்தது. ஒன்பதாம் பக்கத்தில் என்னைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இருபத்திரண்டு வருட அனுபவம் இருந்தும் தன் கண்ணெதிரே நடந்ததைக் கவனிக்கும் திறன் மூத்த பராமரிப்பாளருக்கு இருக்கவில்லை என்று. அதை நீக்கிவிடுங்கள், அது உண்மையல்ல. பிறகு பதினான்காம் பக்கம், மூன்றாம் பத்தி. உங்கள் நிபுணரின் வார்த்தைகள் என்று நினைக்கிறேன், எனக்கு மனப்பாடமாகிவிட்டது. “இதைச் செய்தவர் கண்ணாடியை அதன் உள்வரை அறிந்தவர். இவ்வளவு பொறுமையும் இவ்வளவு நுட்பமான கையும் கொண்ட ஒருவரை இத்துறையில் நான் கண்டதில்லை.” இதை எழுதி, அதற்குக் கீழே மாப்பிள்ளையின் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். மூன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

அந்தப் பெயரை அடித்துவிட்டு என் பெயரைப் போடுங்கள், ஐயா. மற்ற வார்த்தைகள் எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன, ஒன்றையும் மாற்ற வேண்டாம்.